நிலம் ஒன்றா, இரண்டா

போன வாரம் தேன்மொழி போன் செய்தாள். நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் டெல்லி சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் இப்போது அவள் தலையில்தான். முன்பு என் தலையில் இருந்தது.

"மேடம், கேள்விப்பட்டீங்களா? இனிமே எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து ஒரே ஆணையமா ஆக்கப் போறாகன்னு பேசிக்கிறாக. அப்புடி வந்துருச்சுன்னா நமக்கு வேல கொறைஞ்சிரும்ல?"

"வந்தா நல்லதுதாம்மா. அதுல யாரு இருக்காகன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கல்லூரியில் குப்பை கொட்டியிருக்கிறேன். தட்டச்சராகச் சேர்ந்து அலுவலகக் கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். உயர்கல்வியை மத்திய அமைச்சகம் எப்படி மேற்பார்வை செய்கிறது என்று யாராவது கேட்டால், அதற்கான விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று சொல்வேன். ஏன் நிரப்புகிறோம், அங்கே யார் அதைப் படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். தேன்மொழி அன்று இன்னொன்றும் கேட்டாள். அதற்கும் அப்படித்தான் விழித்தேன். ஆனால் அது புரிய வேண்டுமானால் கல்லூரிக்கு நடுவே போகும் ஒரு பாதையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. திண்டுக்கல்லில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன். வடமதுரைக்கும் அய்யலூருக்கும் இடையே புதிதாகக் கல்லூரி வருகிறது, டைப் அடிக்கப் பெண்பிள்ளை வேண்டுமாம் என்று எங்கள் மாதா கோயில் சாமியார் சொன்னார். போய் உட்கார்ந்தேன். முதலில் கார்பன் தாள், அப்புறம் கம்ப்யூட்டர், அப்புறம் இணையதளம். விரல் தேய்ந்ததே தவிர வேலை மாறவில்லை.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், "ஒங்க காலேஜுக்கு மேல யாருதான் அதிகாரி?" என்று கேட்டார். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். அவருக்கு மேல் யார், அவருக்கும் மேல் யார் என்று கடைசி வரை அவரால் சொல்ல முடியும். நான் சொல்லிப் பார்த்தேன். உச்சியில் அமைச்சகம். அது எங்களோடு நேராகப் பேசாது. அதற்குக் கீழே ஒரு கவுன்சில், பொறியியல் போன்ற படிப்புகளை நடத்த எங்களுக்கு அனுமதி கொடுப்பது அதுதான். பட்டம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று விதி போடுவது வேறொரு குழு. நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடுவது இன்னோர் அமைப்பு. பாடமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தின் கையில். நடுவில் மாநில அரசின் இயக்ககம். அவர் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரே பொண்ணுக்கு அஞ்சு தாய்மாமனா? கல்யாணம் நடந்த மாதிரிதான்" என்றார். அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஒவ்வொரு மாமனுக்கும் முதல் மாலை வேண்டும். மாணவர் குறைதீர்க் குழுவில் மாணவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று ஓரிடத்திலிருந்து வந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் பேராசிரியர்களாக இருக்க வேண்டும் என்று இன்னோரிடத்திலிருந்து வந்தது. இரண்டு குழு போட்டோம். நூலக வாசலில் இரண்டு பலகை மாட்டினோம். கொஞ்ச நாளில் புகார்ப் பெட்டியில் ஒரு மாணவன் எழுதிப் போட்டிருந்தான்: "எந்தக் குழுவிடம் குறையைச் சொல்வது என்று தெரியவில்லை. இதுவே என் குறை." அந்தக் குறையை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று எனக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் கலங்காமல் பார்த்தவர் எங்கள் முதல்வர் கருணாகரன் சார் ஒருவர்தான். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. டெல்லியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது என்றால், திறப்பதற்கு முன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொள்வார். அனுப்பியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பு. பிறகு விதியை ஒருமுறை ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிப்பார். ஒருமுறை தமிழில் சொல்வார். மூன்றாம் முறை மனசுக்குள் படிப்பார், உதடு மட்டும் அசையும். அதற்குப் பிறகு, "அமலாம்மா, என்ன கேட்டுருக்காங்களோ அதுக்குப் பதில். கேக்காததுக்குப் புன்னகை" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவர் அத்தனை வருடம் ஓட்டினார்.

முன்பெல்லாம் நிபுணர் குழு நேரில் வரும். வந்தவர்களுக்குச் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு வருடம், அன்பளிப்பு எதுவும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று விதி வந்தது. அந்த வருடம் வந்த வடநாட்டுப் பேராசிரியர் ஒருவர், வீட்டம்மா அந்தச் சேலையைக் கட்டாயம் வாங்கிவரச் சொன்னதாக எங்கள் சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். சார் புன்னகை செய்தார். அந்த மனிதர், "எங்கே கிடைக்கும்?" என்று கேட்ட பிறகுதான், திண்டுக்கல் போய் எந்த டவுன் பஸ் ஏற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கல்லூரிக் காரைக் கொடுக்கவில்லை. காரும் அன்பளிப்புதானாம். பாவம், வேர்த்து விறுவிறுக்கச் சேலைகளோடு திரும்பி வந்தவர் எங்கள் முதல்வரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதன் பிறகு எங்களைப் பற்றி நல்லபடியாக எழுதினாரா, கெட்டபடியாக எழுதினாரா என்று கேட்காதீர்கள். எழுதியதைப் படித்துப் பார்த்தும் எங்களுக்குப் புரியவில்லை.

சரி, பாதைக்கு வருகிறேன்.

எங்கள் தாளாளர் புகையிலை வியாபாரி. கல்லூரிக்கு நிலம் வாங்கும்போது காடு காடாக, கிடைத்ததைச் சேர்த்து வாங்கினார். கிழக்கே வகுப்பறைகள் வந்தன. மேற்கே பணிமனையும் விடுதியும் வந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை. அது அரசாங்கப் புறம்போக்கு, விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் கரட்டுப்பட்டிக்கு அதுதான் வழி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில்தான் வரும். பிரசவத்துக்கு ஆட்டோவும் அதில்தான் போகும். வியாழக்கிழமை விடிவதற்கு முன்னால் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடுகள் அதில்தான் போகும். எங்கள் மாணவர்கள் வகுப்பிலிருந்து பணிமனைக்குப் போகவும் அதைத்தான் குறுக்கே தாண்டுவார்கள். யாருக்கும் யாரும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

கவுன்சில் விதியில், கல்லூரி நிலம் தொடர்ச்சியாக ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று இருந்தது. வருடா வருடம் 'ஆம்' என்று போட்டோம். யாரும் கேட்கவில்லை. ஒரு வருடம் புதுப் படிப்பு ஒன்றுக்கு, செயற்கை நுண்ணறிவாம், விண்ணப்பித்தோம். அதற்காக சர்வே வரைபடத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். படத்தில் அவித்த முட்டையைக் கத்தியால் அறுத்தது மாதிரி நடுவில் ஒரு கோடு. நோட்டீஸ் வந்தது. நிலம் இரண்டாக இருப்பதாகத் தெரிகிறது, இந்த ஆண்டு முதலாண்டு சேர்க்கையை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். புதுப் படிப்பு மட்டுமில்லை, எல்லாப் படிப்புக்கும் சேர்த்துத்தான். காணொளி வழியாகக் குழு பார்வையிடும் என்றும் இருந்தது. தேதியைப் பார்த்தேன். வியாழக்கிழமை.

ஒரு வருடம் பிள்ளைகள் சேரவில்லை என்றால் தனியார் கல்லூரியில் யாருக்குச் சம்பளம் இருக்கும், யாருக்கு இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். தாளாளர் வந்தார். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிப் பாதையை அடைத்துவிடலாம், ஊர்க்காரர்கள் ஏரிக்கரையைச் சுற்றிப் போகட்டும் என்றார். புறம்போக்கை அடைக்க முடியாது என்று சார் சொன்னார். அதே வாரம், தீயணைப்பு வண்டி வந்துபோகப் பொதுவழி ஒன்று வளாகத்தை ஒட்டி இருப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று வேறோர் அமைப்பிலிருந்து கடிதம் வந்தது. எங்களிடம் இருந்த ஒரே பொதுவழி அந்தப் பாதைதான். ஒரு கடிதத்தில் அது குற்றம், மறு கடிதத்தில் அதுவே தகுதி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அன்றைக்கு அந்த மத்தளம் நான்தான்.

நிலமெல்லாம் ஒரே கல்லூரியின் பெயரில்தான் இருக்கிறது என்று இரண்டு வரி விளக்கம் அனுப்பிவிட்டு, கடைசியில் சார் ஒரு வழி சொன்னார். பாதையின் இரு முனையிலும் கதவு மாதிரி மூங்கில் படல் கட்டுவது. பார்வையிடும் நேரத்துக்கு மட்டும் சாத்துவது, முடிந்ததும் திறந்துவிடுவது. "பொய் சொல்லலை அமலாம்மா. ரோடு இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்வோம். கேக்கலைன்னா?" என்றார். எனக்குப் பதில் தெரியும்.

கரட்டுப்பட்டியில் பேச என்னை அனுப்பினார்கள். அங்கே பேச்சு என்றால் பொன்னுத்தாயிடம்தான் பேச வேண்டும். ஆடு வளர்க்கிறவர், என்னைவிடச் சில வயது இளையவர், வாய் மட்டும் என்னைவிட மூப்பு. கல்லூரி மைதானத்துப் புல்லை அறுத்துக்கொள்வார். அதற்குப் பதிலாகப் பொங்கலுக்கு அலுவலகத்துக்கு ஒரு பானை ஆட்டுப்பால் வரும்.

"ஏம்மா, டெல்லிக்காரகளுக்கு எங்க பாத இருக்குறது எப்புடித் தெரியும்?" என்று கேட்டார்.

"மேப்புல தெரியுது."

"மேப்புல ஆடு தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் என்ன மேப்பு?"

அவர் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பெண். அவள்தான் தேன்மொழி. சுற்றுவட்டாரப் பெண்பிள்ளைகளுக்குத் தாளாளர் தன் அம்மா பெயரில் கட்டணமில்லாமல் சில இடம் கொடுப்பார். அதில் ஒன்று தனக்குக் கிடைக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். மார்க்கும் அப்படித்தான் வாங்குவாள் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நூல் மில்லு வண்டி தினமும் காலையில் ஊர் முனையில் வந்து நிற்கும். அவளோடு படித்த இரண்டு பேர் ஏற்கெனவே அதில் ஏறிவிட்டார்கள்.

"சேர்க்கை இல்லைன்னா எனக்கும் சீட்டு இல்லையா மேடம்?" என்றாள்.

"ஆருக்கும் இல்லம்மா."

பொன்னுத்தாய் மகளைப் பார்த்தார், அப்புறம் வாசலில் கட்டியிருந்த ஆடுகளைப் பார்த்தார். "பாதையும் வேணும், புள்ளைக்குப் படிப்பும் வேணும். ரெண்டுல எதுன்னு என்னயக் கேட்டா நான் எதைன்னு சொல்லுவேன்? படலச் சாத்திக்கங்க. நாங்க விடியறதுக்குள்ள சந்தைக்குப் போயிருவோம்."

நானும் நிம்மதியாகத் திரும்பினேன். சாரும் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். படித்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து போட்ட திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. சந்தைக்குப் போகிற ஆட்டைப் பற்றி யோசித்தோம். திரும்புகிற ஆட்டைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை. சந்தைக்குப் போனால் ஆடு விற்றுவிடும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அது பங்குனி மாதம். உத்திரத்துக்குப் பழனிக்கு மாலை போட்டவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள், கறி எடுக்க ஆளில்லை. அந்த வியாழக்கிழமை பாதி ஆடு விலை படியாமல் திரும்பிவிட்டது.

பார்வையிடல் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. திரையில் மூன்று பேர். தலைவர் வடக்கே ஏதோ ஒரு பெரிய கல்லூரியில் இருந்தவர். இரண்டாமவர் பெங்களூர்ப் பக்கம், கொஞ்சம் தமிழ் கேட்டால் புரியும் என்று முகம் சொன்னது. மூன்றாமவர் முகத்தைக் காட்டவேயில்லை, பெயர் மட்டும் இருந்தது. போனைக் குச்சியில் மாட்டி என் கையில் கொடுத்திருந்தார்கள். கை நடுங்காதவள் நான் ஒருத்திதான் என்று சார் சொன்னார். ஆய்வகம், நூலகம், கழிப்பறை, சாய்தளம் எல்லாம் காட்டினேன். அப்புறம் தலைவர் சொன்னார், "இங்கிருந்து பணிமனைக்குக் கேமராவை நிறுத்தாமல் நடந்து போங்கள்."

நடந்தேன். பாதையின் நடுவில் கால் வைத்தேன். வடக்குப் படல் திறந்தது. இந்நேரம் பார்த்து முடித்திருப்பார்கள், வாராவாரம் வருகிற வழிதானே என்று, படலின் கயிற்றை அவிழ்த்துவிட்டு பொன்னுத்தாய் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஆடுகள். செம்மறியும் வெள்ளாடும் என்னைச் சுற்றி நிரம்பிவிட்டன. ஒரு கிடா என் சேலைத் தலைப்பைக் கடித்தது. போனை உயரத் தூக்கினேன். அப்படித் தூக்கியதில் பாதை முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, அவர்களுக்கு அழகாகத் தெரிந்துவிட்டது.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"ஆடு சார்" என்றேன். கேட்டதற்குப் பதில்.

"அது தெரிகிறது. இது சாலையா?"

கேட்டுவிட்டார். திரும்பி சாரைப் பார்த்தேன். அவர் கை சட்டைப் பையில் இருந்த சீப்பின் மேல் இருந்தது. வேர்த்திருந்தார். பொன்னுத்தாய்க்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. "என்னம்மா கேக்குறாக?" என்றார் மெதுவாக.

"இது ரோடான்னு கேக்குறாங்க."

"ரோடா? ரோடுன்னா பஸ்ஸு லாரியெல்லாம் போகும். இது நாங்க நடக்குற எடம். இந்தா, ஒங்க புள்ளைகளும் இதுலதான் நடக்குதுக."

பெங்களூர்க்காரர் சிரித்துவிட்டார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், என் ஆங்கிலத்தில். முகம் காட்டாதவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். பெண் குரல். "மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டார். நிற்காது என்றேன். "பணிமனைக்குப் போங்கள்" என்றார் தலைவர். போனேன். அவ்வளவுதான். பாதையைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அது நல்லதுக்கா, கெட்டதுக்கா? இன்று வரை எனக்குத் தெரியாது. மழைத்தண்ணீர் பற்றி அந்த அம்மா ஏன் கேட்டார் என்றும் தெரியாது. அறிக்கை வந்தபோது, பணிமனையில் தீயணைக்கும் கருவி ஒன்று காலாவதியாகிவிட்டது, மாற்றவும் என்று இருந்தது. நிலம் பற்றி ஒன்றும் இல்லை, ஆடு பற்றியும் இல்லை. ஆனால் இணையதளத்தில் எங்கள் பெயருக்கு நேரே 'பரிசீலனையில்' என்றே நின்றது. உதவி எண்ணுக்குப் பேசினேன். மண்டல அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள். மண்டல அலுவலகத்தில் டெல்லியைக் கேளுங்கள் என்றார்கள். டெல்லியில் ஒரு மரியாதையான குரல், இணையதளத்தைப் பாருங்கள் என்றது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது. யார் மேலேயும் கோபப்பட முடியவில்லை. எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள்.

கலந்தாய்வு தொடங்கப் போகிறது என்று செய்தி வந்தது. தேன்மொழி தினமும் வந்து அலுவலக வாசலில் நிற்பாள். உள்ளே வரமாட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். போய்விடுவாள். மில்லிலிருந்து ஆள் வந்து, சேர்ந்தால் முன்பணம் தருகிறோம் என்று பேசிவிட்டுப் போனதாகக் காவலாளி சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து பொன்னுத்தாய் நேரே முதல்வர் அறைக்குள் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றார். கூட ஊர்க்காரர்கள் நாலைந்து பேர்.

"சார், பாதைய அடைச்சிருங்க. ஊருல பேசிட்டேன். நாங்க ஏரிக்கரை வழியா சுத்திப் போயிக்கிறோம். மழை வந்தா அப்பப் பாத்துக்கலாம். என்னாலதான கெட்டுச்சு? செத்த நேரம் படலுக்கு அங்கிட்டு நிண்டுருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. புள்ளைக படிக்கட்டும்."

கூட வந்தவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு மனசில்லை என்று தெரிந்தது. ஆனாலும் வந்திருந்தார். ஒப்புக்கொள்ளுங்கள் சார் என்று உள்ளுக்குள் ஒரு குரல், வேண்டாம் சார் என்று இன்னொரு குரல்.

கருணாகரன் சார் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் யாருக்கும் எழுந்து நான் பார்த்ததில்லை, குழுத் தலைவர்களைத் தவிர. "அம்மா, டெல்லியிலேர்ந்து இதுவரைக்கும் ஒங்க பாதைய யாரும் கேக்கலை. நிலம் ரெண்டா இருக்கேன்னு கேட்டாங்க. அது ரோடான்னு கேட்டாங்க. பாதையக் குடுன்னு கேக்கலை. கேக்காததை நாம குடுக்கக் கூடாது" என்றார்.

"கேட்டா?" என்றார் பொன்னுத்தாய்.

"கேக்கட்டும்."

தாளாளருக்குச் செய்தி போய், அவர் வந்து சத்தம் போட்டார். சேர்க்கை போனால் கல்லூரியை விற்றுவிட்டுப் புகையிலை மண்டிக்கே போய்விடுவேன் என்றார். சார் புன்னகை செய்தார். நான் அன்றிரவு ஜெபமாலை சொல்லும்போது கவுன்சிலையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். எந்தப் பிரிவுக்காக வேண்டுவது என்று தெரியாததால் மொத்தமாக வேண்டிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து திரையைத் தட்டினேன். 'அனுமதிக்கப்பட்டது' என்று இருந்தது. பழைய படிப்பு, புதுப் படிப்பு, எல்லாமே. ஏன் என்று ஒரு வரி இல்லை. நோட்டீஸ் என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை. நாங்கள் அனுப்பிய விளக்கத்தைப் படித்தார்களா, ஆட்டைப் பார்த்து மனம் இளகினார்களா, விதி நடுவில் மாறிவிட்டதா, அல்லது வேறொரு கல்லூரியின் கோப்போடு கலந்துவிட்டதா, ஒன்றும் தெரியாது. சார் தலையை வாரிக்கொண்டு அதை மூன்று முறை படித்தார். பிறகு, "ஏன்னு கேக்கலாமா சார்?" என்றேன். அவர் பதறிப்போய், "வேண்டாம் அமலாம்மா, வேண்டாம்" என்றார். நான் வாசலுக்கு ஓடினேன். அன்றைக்குப் பார்த்து தேன்மொழி வரவில்லை. பாதையில் இறங்கி கரட்டுப்பட்டிக்கே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொன்னுத்தாய் அழவில்லை. "ஆடு வந்ததாலதான் குடுத்தாகளா, ஆடு வந்தும் குடுத்தாகளா?" என்று கேட்டார். அதையேதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட மனம் தேறியிருப்பேன். அடுத்த வருடம் தரச் சான்று கொடுக்கும் குழு நேரில் வந்தது. அந்தப் பாதையில் நடந்து பார்த்தார்கள். கிராமத்து மக்களோடு கல்லூரி கலந்து வாழ்வதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு என்று எழுதி, அந்தத் தலைப்பில் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்கள். பெருமைப்படுவதா, பயப்படுவதா? நான் அதை அச்செடுத்து சாரிடம் காட்டினேன். அவரே அன்றைக்குப் புன்னகைக்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார்.

சார் ஓய்வு பெற்றார். பிறகு நானும் பெற்றேன். தேன்மொழி படித்து முடித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் கல்லூரி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

போன வாரம் அவள் கேட்ட இன்னொரு கேள்வி இதுதான். "மேடம், இந்த வருச விண்ணப்பத்துல ஒரு புதுக் கட்டம் வந்துருக்கு. நிலம் எத்தனை துண்டுன்னு கேக்குது. ஒண்ணுன்னு போட்டா மேப்போட இடிக்குது. ரெண்டுன்னு போட்டா, நடுவுல இருக்குறது என்னன்னு அடுத்த கேள்வி தொறக்குது. அதுல நெடுஞ்சாலை, நீர்நிலை, தனியார் நிலம்னு மூணுதான் இருக்கு. மூணுல நம்ம பாத எது மேடம்?"

யோசித்தேன். மூன்றும் இல்லை. ஒன்று என்பதும் பொய், இரண்டு என்பதும் பொய்யாகத்தான் பட்டது. "எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றேன். உண்மை அதுதான்.

போனில் மணிச்சத்தமும் ஆடு கத்துவதும் கேட்டன. அன்று வியாழக்கிழமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அம்மா சந்தையிலருந்து வருது மேடம். இருங்க, அதுட்டயே கேட்டுருவோம்" என்று சன்னலைத் திறந்து விஷயத்தைச் சொன்னாள். வெளியிலிருந்து பொன்னுத்தாயின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நெலம் ஒண்ணுதான்னு போடு. நடுவுல நாங்க நடக்குறோம்னும் போடு."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"இல்லைன்னா போடச் சொல்லு. ஒங்க மேடத்துக்குத்தான் டெல்லிய நல்லாத் தெரியுமே, சொல்லட்டும்."

"யார்ட்ட சொல்லணும் மேடம்?" என்று தேன்மொழி என்னைக் கேட்டாள். முப்பது வருடமாகக் கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லிப் பழகியவள் நான். நாமாக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.